தேங்காய்த் தண்ணீர் வினிகர்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரையிலான எங்கள் கேரள-தமிழக எல்லைப் பகுதியில், கொப்பரைக் களங்களில் காய் உடைக்கும் நாளன்று தேங்காய்த் தண்ணீர் வாய்க்காலாக ஓடி மண்ணில் கலந்து, மறுநாள் காலையில் தெருவெல்லாம் புளித்த வாடை வீசும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வினிகராக்கத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. என் டிரம்களிலும், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் பரணிகளிலும் (ஜாடிகளிலும்), பொள்ளாச்சிப் பக்கத்து உறவினர் வீடுகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்த பழுதுகளை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். அதில் விடை கிடைக்காவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் எந்த நிலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

யார் தொலைபேசியில் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது, "ஈஸ்ட் போட்டு இன்றைக்கு எத்தனையாவது நாள்?" என்பதைத்தான். வினிகர் இரண்டு நிலைகளில் உருவாகிறது. முதல் நிலையில் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். அப்போது காற்று உள்ளே போகக் கூடாது. இரண்டாம் நிலையில் அசிட்டிக் பாக்டீரியா அந்த ஆல்கஹாலைப் புளிப்பாக்கும். அப்போது காற்று தாராளமாக வேண்டும். பெல்ஜியத்தில் பொன்னிற ஏல் என்ற பீர் காய்ச்சுகிறவரும் நாமும் முதல் சில நாட்கள் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். அவர் தம் பீர் புளித்துவிடக் கூடாது என்று கடைசிவரை காற்றைத் தடுக்கிறார், நாம் பாதி வழியில் திறந்துவிடுகிறோம். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை, மூட வேண்டிய நாளில் திறந்து வைத்ததாலோ, திறக்க வேண்டிய நாளில் மூடி வைத்ததாலோ வந்தவை.

கீழே சொல்லப்போகும் அளவுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். முற்றிய காயின் தண்ணீர் 10 லிட்டரை வடிகட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெள்ளைச் சர்க்கரை 1 கிலோ கரைத்து, 35 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு உலர் ஈஸ்ட் 5 கிராம் சேர்க்க வேண்டும். முற்றிய காய்த் தண்ணீரில் இயற்கையாக 2 முதல் 3 சதவீதம் சர்க்கரைதான் இருக்கும் என்பதால், இந்தச் சேர்க்கைக்குப் பிறகு, சர்க்கரைச் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் அளவு ஏறத்தாழ 12 ஆகும். வாயு வெளியேறும் குழாய் பொருத்திய மூடியுடன் ஐந்து முதல் ஏழு நாள் வைத்து, அடியில் படிந்த மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் இறுத்து, மூன்று பங்கு தெளிவுக்கு ஒரு பங்கு பழைய பச்சை வினிகரை, அதாவது கொதிக்கவைக்காத வினிகரை, உறையாக ஊற்றி, வாயகன்ற பாத்திரத்தில் துணி கட்டி நான்கு முதல் எட்டு வாரம் வைக்க வேண்டும்.

இரண்டு நிலைக்கும் இடையில் இருக்கும் அந்தத் தெளிவில் பீரின் அளவுக்கு, சில வேளை அதற்கு மேலும் ஆல்கஹால் இருக்கும். அதைக் குடிக்கவோ, கொடுக்கவோ, அப்படியே சேமித்து வைக்கவோ கூடாது. கேரளத்தில் மதுவைக் கட்டுப்படுத்தும் அப்காரிச் சட்டம் கடுமையானது. இறுத்த அன்றே உறை ஊற்றிவிடுங்கள். விற்பனை அளவுக்குப் பெருகப்போகிறது என்றால் எக்சைஸ் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

## முதல் நிலை: மூடி வைத்திருக்கும் நாட்கள்

ஒரு நாள் கடந்தும் குழாயில் குமிழி வரவில்லை

முதலில் மூடியைப் பாருங்கள். பெரும்பாலும் ஈஸ்ட் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வாயு குழாய் வழியாக வராமல் மூடியின் ஓரத்தில் கசிந்து போய்க்கொண்டிருக்கும். டிரம்மின் பக்கவாட்டில் காதை வைத்தால், புதிதாகத் திறந்த சோடாவைப் போன்ற மெல்லிய சீறல் கேட்கும். அது கேட்டால் மூடியின் ரப்பர் வளையத்தைச் சரிசெய்வது மட்டுமே வேலை.

சீறல் இல்லை என்றால் ஈஸ்டைச் சோதியுங்கள். அரை தம்ளர் வெதுவெதுப்பான நீரில், அதாவது கையில் ஊற்றினால் சுடாத நீரில், ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் அதே பொட்டலத்தின் ஈஸ்டும் போட்டுப் பதினைந்து நிமிடம் வையுங்கள். மேலே நுரை பொங்கினால் ஈஸ்ட் நல்லது. அடியில் சேறாகப் படிந்தால் செத்தது. கடையில் பிரித்து வைத்து, எடைபோட்டுச் சின்னக் கவரில் கட்டித் தரும் ஈஸ்டில் இது அடிக்கடி நேர்கிறது. வெயில் நாளில் அப்படி வாங்கிய ஈஸ்டை நம்பி, ஒரே வாரத்தில் மூன்று டிரம்களை நான் வீணாக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து, சோதிக்காமல் ஒரு துளி ஈஸ்டையும் போடுவதில்லை.

ஈஸ்ட் நல்லது, ஆனாலும் அசைவில்லை என்றால், சூடு ஆறுவதற்குள் போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 50 டிகிரிக்கு மேல் ஈஸ்ட் செத்துவிடும். பெரிய பாத்திரத்தில் ஓரம் ஆறியிருந்தாலும் நடுவில் சூடு நிற்கும் என்பதால், கிளறிவிட்டு நடுவில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதே சரி. புதிய ஈஸ்டைப் போட்டால் இது தீர்ந்துவிடும்.

கடைசியாக, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். களத்தில் தண்ணீர் கெடாமலிருக்க மெட்டாபைசல்பைட் தூவி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கூடுதலாகத் தூவப்பட்டிருந்தால், ஈஸ்டும் வளராது, பின்னால் உறையும் பிடிக்காது. இரண்டாம் முறை போட்ட ஈஸ்டும் 48 மணி நேரத்தில் எழவில்லை என்றால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவதே நல்லது. அதற்கு மேல் செலவழிக்கும் சர்க்கரை வீண்.

நன்றாகப் பொங்கியது, மூன்றாம் நாள் நின்றுவிட்டது. இனிப்பு இன்னும் இருக்கிறது

இதில் முதல் சோதனை, கருவியைச் சந்தேகிப்பதுதான். பிரிக்ஸ் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஆல்கஹால் கலந்த திரவத்தில் தவறாகக் காட்டும். சர்க்கரை முழுவதும் தீர்ந்த பிறகும் 4, 5 என்று நிற்கும். அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். தொடக்கத்தில் 1.048 அளவில் இருந்தது 1.000 அருகில் வந்திருந்தால் வேலை முடிந்தது என்று பொருள்.

உண்மையாகவே நின்றிருந்தால், எங்கள் பகுதியில் முதல் காரணம் வெயில். பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்ச், ஏப்ரல் மாதங்களில் வீசும் வறண்ட அனல்காற்றில் ஓட்டு வீட்டுக்குள் வைத்த டிரம்கூடப் பகலில் 38 டிகிரியைத் தாண்டிவிடும். ஈஸ்ட் தன் சூட்டையும் அதோடு சேர்க்கும். ஏல் காய்ச்சுகிறவர்கள் 18 முதல் 24 டிகிரிக்குள் வைக்கப் பாடுபடுவார்கள். நமக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம், 32ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். டிரம்மை அகலமான தொட்டியில் தண்ணீருக்குள் நிறுத்தி, மேலே ஈரச் சாக்கைச் சுற்றி, சாக்கின் நுனி தண்ணீரில் படும்படி விட்டால், காற்று வறண்டிருக்கும் அந்த மாதங்களில் நான்கைந்து டிகிரி குறைந்துவிடும். குளிர்ந்த பிறகு 3 கிராம் புது ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் எழுப்பிச் சேர்த்தால் மீண்டும் ஓடும்.

இரண்டாவது காரணம் அவசரம். ஈஸ்டையும் உறை வினிகரையும் ஒரே நாளில் ஊற்றிவிடுகிறார்கள். புளிப்பு ஏறினால் ஈஸ்ட் ஒடுங்கிவிடும். அப்படிச் செய்திருந்தால் திருத்த வழியில்லை; கிடைக்கிற வினிகர் நீர்த்ததாகவும் இனிப்பாகவும் இருக்கும். பாத்திரம் தேய்க்க அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஊறுகாய்க்கு வேண்டாம்.

அழுகிய முட்டை வாடை

இந்த வாடை வந்ததும் கொட்டிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் இது பெரும்பாலும் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. தேங்காய்த் தண்ணீரில் ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து குறைவு. நாமும் வெறும் சர்க்கரையை மட்டும் சேர்க்கிறோம். பட்டினி கிடக்கும் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகிறது.

முதல் இரண்டு நாளுக்குள் என்றால், 5 கிராம் ஈஸ்டை ஒரு தம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுங்கள். செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்கு உணவாகும். அதோடு ஒருமுறை நன்றாகக் கிளறிவிடுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு என்றால் எதுவும் சேர்க்க வேண்டாம். மண்டியிலிருந்து உடனே இறுத்து இரண்டாம் நிலைக்குக் கொண்டுபோங்கள். அங்கே காற்றுப் பட்டு, ஒரு வாரத்துக்குள் வாடை போய்விடும். செம்புக் கம்பியை உள்ளே போட்டால் வாடை தீரும் என்று சிலர் சொல்வார்கள். வாடை குறையும் என்பது உண்மைதான், ஆனால் புளிப்பில் செம்பு கரைந்து உணவில் சேரும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

முட்டை வாடைக்குப் பதிலாகச் சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை என்றால் கதை வேறு. உடைத்த காயின் பருப்பிலிருந்து கொழுப்பு தண்ணீரில் இறங்கியிருக்கும். கொதித்து ஆறியதும் மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுத்து, நான்காக மடித்த வேட்டித்துணியில் வடிகட்டுவதை விட்டுவிட்டீர்கள். வாடை ஏறிய பிறகு அதை நீக்க வீட்டில் வழி இல்லை.

## இரண்டாம் நிலை: துணி கட்டி வைத்திருக்கும் வாரங்கள்

மூன்று வாரமாகியும் புளிக்கவில்லை

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதற்காகத்தான். வண்ணாமடையில் ஒரு வீட்டில் நாற்பது நாளாகப் புளிக்கவில்லை என்று போய்ப் பார்த்தபோது, நீல டிரம்மின் மூடியை இறுகத் திருகி, அதன்மேல் சாக்கு மடித்து, சாக்கின்மேல் ஒரு செங்கல்லும் வைத்திருந்தார்கள். பல்லி விழுந்துவிடும் என்ற பயம். மூடியைத் திறந்ததும் கள்ளு வாடைதான் வந்தது, புளிப்பின் காரம் இல்லை. "தொறந்து வெச்சாக் கெட்டுப் போயிராதா தம்பி?" என்று அந்த அக்கா கேட்டார். மூடி வைத்ததால்தான் அக்கா அது தூங்குகிறது என்று சொல்லி, திரவத்தை இரண்டு வாயகன்ற பரணிகளில் பாதிப் பாதியாகப் பிரித்து, இரட்டைத் துணி கட்டி, நிழலில் வைத்துவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் அழைத்தார்: மேலே பாலாடை போல ஒன்று படிந்திருக்கிறது, மூக்கில் ஏறுகிறது என்றார்.

ஆகவே முதல் சோதனை காற்று. பாத்திரம் கழுத்துவரை நிறைந்திருக்கிறதா, வாய் குறுகலா, துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அசிட்டிக் பாக்டீரியா திரவத்தின் மேற்பரப்பில்தான் வேலை செய்யும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் ஊற்றாமல் இருப்பது என் வழக்கம்.

காற்று சரி என்றால் மேற்பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வானவில் நிறத்தில் எண்ணெய் மினுங்கினால், அந்தப் படலமே காற்றைத் தடுக்கிறது. சுத்தமான உறிஞ்சுதாளை மேலே பரப்பி எடுத்தால் எண்ணெய் அதோடு வந்துவிடும்.

அடுத்தது உறை. கடையில் வாங்கிய வினிகரை உறையாக ஊற்றினீர்களா? பெரும்பாலான கடை வினிகர் சூடாக்கப்பட்டது, அதில் உயிர் இல்லை. செயற்கை வினிகர் என்று எழுதியிருந்தால் அது அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது, அதில் உயிர் இருந்ததே இல்லை. தயிருக்கு உறைமோர் எப்படியோ, இதற்கும் அப்படியே. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து, கொதிக்கவைக்காத பச்சை வினிகரை, கூடுமானால் அதன் மேலே படியும் வழவழப்பான தாய்ப்படலத்தின் ஒரு துண்டோடு, ஒரு லிட்டர் வாங்கி வாருங்கள். எங்கள் பக்கம் இதற்கு யாரும் காசு வாங்குவதில்லை.

அதன் பிறகுதான் ஆல்கஹாலின் அளவு. சர்க்கரையை இரண்டு மடங்காகப் போட்டால் புளிப்பும் இரண்டு மடங்காகும் என்று நினைத்து 10 லிட்டருக்கு 2 கிலோ போடுகிறவர்கள் உண்டு. ஆல்கஹால் 10 சதவீதத்தை நெருங்கினால் பாக்டீரியா திணறும். கொதித்து ஆறிய தண்ணீரை மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் சேர்த்து, புதிய உறையும் ஊற்றினால் நகரும். இதற்கு நேர்மாறாக, நாக்கில் வைத்தால் வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால், முதல் நிலையே நடக்கவில்லை. மேலே உள்ள முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

வெப்பம் 28 முதல் 32 டிகிரி இருந்தால் நல்லது. மார்கழி, தை இரவுகளில் மெதுவாகும், அதற்குப் பொறுமை போதும். சித்திரையில் 38ஐத் தாண்டினால் நின்றேவிடும், அதற்கு ஈரச் சாக்குதான் மருந்து.

செலவு அதிகமான வழி, துளைகள் நிறைந்த நிரப்புப் பொருளின் மேல் திரவத்தைத் துளித்துளியாக இறக்கும் வினிகர் ஜெனரேட்டர். நாட்கணக்கில் புளிக்கவைக்கும் என்பது உண்மையானாலும், வாரத்துக்கு நூறு லிட்டர் தண்ணீர் நிச்சயமாகக் கிடைக்காதவர்கள் அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பரணியில் புளிக்காத ஒன்று ஜெனரேட்டரிலும் புளிக்காது.

மேலே ஏதோ படிந்திருக்கிறது

இது மூன்று வகை. பார்த்ததும் பயப்படாமல், ஒரு மரக்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்.

வழவழப்பாக, ஒரே தகடாக, குச்சியில் தூக்கினால் இளநீர் வழுக்கையைப் போலத் தொங்கினால் அது தாய்ப்படலம். முதலில் கண்ணாடியில் மூச்சுவிட்டது போன்ற மங்கலாகத்தான் தெரியும்; பத்து நாளில் காகிதத் தடிமனாகி, ஒரு மாதத்தில் விரல் கனத்துக்கு வளரும். அதை அடிக்கடி கலைக்கக் கூடாது. கலைத்தால் அடியில் மூழ்கி, மேலே புதிதாக ஒன்று உருவாகும்வரை வேலை தாமதமாகும்.

வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக, தொட்டதும் துகளாக உடைந்து பரவினால் அது படல ஈஸ்ட். உடலுக்குத் தீங்கில்லை; ஆனால் ஆல்கஹாலைத் தின்றுவிடும், சுவையும் மட்டமாகும். காரணம் ஒன்றுதான்: தொடக்கத்தில் உறை குறைவாக ஊற்றியிருப்பீர்கள், புளிப்புப் போதாமல் அது இடம் பிடித்தது. கரண்டியால் முழுவதையும் வழித்தெடுத்து, பாத்திரத்தின் உள் ஓரத்தை வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, இன்னும் ஒரு பங்கு பச்சை வினிகர் ஊற்றுங்கள். மூன்று முறை வழித்தும் திரும்பினால் அந்தத் தொகுதியை விட்டுவிடுங்கள்.

பச்சை, கறுப்பு, அல்லது சாம்பல் நிறத்தில், பஞ்சுபோல, காய்ந்து நின்றால் பூஞ்சை. மேலாக எடுத்துவிட்டுக் கீழே உள்ளதைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. திரவம், படலம், துணி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். நீரளவுக்கு மேலே துருத்திக் காய்ந்த தாய்ப்படலத்தில்தான் பூஞ்சை பெரும்பாலும் தொடங்குகிறது.

நகப்பூச்சு வாடை

ஒரு மழைக்கால இரவில் கிடங்கைத் திறந்தபோது, யாரோ நகப்பூச்சுக் குப்பியைக் கவிழ்த்துவிட்டது போன்ற நெடி முகத்தில் அடித்தது. நான்கு பரணிகளில் ஒன்றில் மட்டும்தான் அந்த நெடி. அதன் துணி மழைச்சாரலில் நனைந்து, கனத்து, திரவத்தின்மேல் தொய்ந்து ஒட்டியிருந்தது. ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் ஈத்தைல் அசிட்டேட்தான் அந்த வாடை. பாதி வழியில் காற்று குறைந்தால் அது கூடும். உலர்ந்த துணி மாற்றி, காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தியதும் மூன்று வாரத்தில் தானாகவே மறைந்தது. ஆறு வாரத்துக்குப் பிறகும் போகாவிட்டால், ஆல்கஹால் அதிகமாகத் தொடங்கிவிட்டீர்கள். முன்பு சொன்னபடி நீர்த்து, உறை ஊற்றுங்கள்.

சிறு ஈக்கள், நெளியும் இழைகள்

பழ ஈக்கள் வருவதைத் தடுக்க முடியாது, உள்ளே போவதைத்தான் தடுக்க முடியும். கொசுவலைத் துணி போதாது. நெருக்கமான பருத்தித் துணியை இரண்டாக மடித்து, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்குங்கள். உள்ளே ஈயின் புழு தெரிந்தால் அந்தப் பரணி போனதுதான்.

இருட்டில் பரணியின் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், மேல் விளிம்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை இழைகள் நெளிவது சில சமயம் தெரியும். இவை வினிகர்ப் புழுக்கள். மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை, ஆனால் அந்த வினிகரை உறையாக யாருக்கும் கொடுக்காதீர்கள், எல்லோர் வீட்டுக்கும் பரவிவிடும். நுண்துணியில் வடிகட்டி, 65 டிகிரிக்குச் சூடாக்கி, சொந்தச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். பாத்திரத்தையும் கொதிநீர் ஊற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பாத்திரத்தில் வெள்ளைப் பொடி, திரவத்தில் நீலம் அல்லது கருமை

இதில் சோதனை எதுவும் வேண்டாம், கொட்டிவிடுங்கள். அலுமினிய அண்டாவில் வெள்ளைப் பொடியும் ஊசித் துளைகளும் வரும், செம்பு, பித்தளையில் நீலப்பச்சை ஏறும், இரும்பில் கருக்கும். கண்ணாடி, நல்ல பீங்கான் பரணி, உணவுக்கென்று குறியிட்ட பிளாஸ்டிக் டிரம் ஆகிய மூன்று மட்டுமே சரி. பெயின்ட், ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் உணவு டிரம் ஆகாது. பளபளக்கும் வண்ணப் பூச்சுள்ள அலங்காரப் பரணிகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

## பாட்டிலில் அடைத்த பிறகு

முன்பு நன்றாகப் புளித்தது, இப்போது சப்பென்று இருக்கிறது

இந்தப் பழுது அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் வருகிறது. ஆல்கஹால் தீர்ந்த பிறகும் காற்றுப்பட வைத்திருந்தால், பாக்டீரியா தான் உண்டாக்கிய புளிப்பையே தின்னத் தொடங்கும். பழகப் பழக நன்றாகும் என்று பரணியில் ஆறு மாதம் விட்டுவைத்த ஒரு குழுவின் இருபது லிட்டர், நீராகாரம் அளவுக்குப் புளிப்பிறங்கிப் போனது. இழந்த புளிப்பைத் திரும்பப் பெற முடியாது. சர்க்கரை சேர்த்துப் புதுப்பிக்கலாம் என்பதும் வீண் முயற்சி. நான்காம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை சுவைத்துப் பாருங்கள். புளிப்பு ஏறாமல் இரண்டு வாரம் ஒரே நிலையில் நின்றால், படலத்தை எடுத்துவிட்டு அன்றே இறுத்து, 65 முதல் 70 டிகிரியில் இருபது நிமிடம் சூடாக்கி, பாட்டிலின் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். அடுத்த தொகுதிக்கான உறையைச் சூடாக்கும் முன்பே தனியாக எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

கலங்கல், இளஞ்சிவப்பு, பாட்டிலுக்குள் படலம்

கலங்கல் பெரும்பாலும் மண்டி சரியாக இறங்காததுதான். இரண்டு வாரம் அசையாமல் வைத்து மேல் தெளிவை இறுத்தால் சரியாகும். இளஞ்சிவப்பு நிறம், உடைத்த தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் நெடுநேரம் வைத்ததால் அதன் நொதிகள் ஏற்றியது. சுவைக்குக் குறைவில்லை, விற்பனைக்குத்தான் குறை. பாட்டிலுக்குள் மெல்லிய படலம் வந்தால் சூடாக்கியது போதவில்லை என்று பொருள், வடிகட்டிப் பயன்படுத்தலாம். மூடியைத் திறக்கும்போது சீறினால் மட்டும் கவனமாக இருங்கள்: சர்க்கரை மிச்சமிருந்து ஈஸ்ட் விழித்திருக்கிறது. கண்ணாடிப் பாட்டில் வெடிக்கக்கூடும் என்பதால், எல்லாவற்றையும் துணியைப் போர்த்தித் திறந்து, பரணிக்கே திருப்பி ஊற்றுங்கள்.

புளிப்பு எவ்வளவு என்று தெரியவில்லை

பி.எச். தாளில் பார்த்துவிட்டு 'நல்ல புளிப்பு' என்று சொல்லாதீர்கள். 3 சதவீத அமிலமும் 5 சதவீத அமிலமும் தாளில் ஏறக்குறைய ஒரே நிறத்தைத்தான் காட்டும். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி புளிக்கவைத்த வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். ஊறுகாய்க்கு 4 சதவீதத்துக்குக் குறைவானதை நான் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் அங்கே புளிப்புதான் காவல்.

பள்ளி ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்து பழகிய பிள்ளை வீட்டில் இருந்தால், அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வினிகர் 5 மில்லியை, கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து, நிறங்காட்டியான பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும்போது நிறுத்துங்கள். செலவான மில்லியை 0.6ஆல் பெருக்கினால் சதவீதம் வரும். 7 மில்லி செலவானால் 4.2 சதவீதம். அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

வெளியே உதவி தேட வேண்டிய தருணங்கள் மூன்று. ஒரே பழுது வெவ்வேறு தண்ணீரில், வெவ்வேறு பாத்திரத்தில், தொடர்ந்து மூன்று தொகுதிகளில் வந்தால், உங்கள் உறையிலேயே கலப்பு இருக்கிறது. விற்கப்போகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவும் ஆய்வக அறிக்கையும் வேண்டும். யாருக்காவது சாப்பிட்ட பிறகு வயிற்றுக் கோளாறு வந்தால், மருத்துவரைப் பார்த்துவிட்டு, அந்தத் தொகுதியை முழுவதும் நிறுத்திவையுங்கள். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்குப் பட்டாம்பியில் உள்ள வேளாண் அறிவியல் மையமும், தொழில்நுட்பப் பயிற்சிக்கு ஆலுவா அருகே வாழக்குளத்தில் உள்ள தென்னை வளர்ச்சி வாரியத்தின் தொழில்நுட்ப நிலையமும் இருக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கத்தவர் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துவிட்டு, அங்கிருந்து கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்.

போகும்போது வினிகரை மட்டும் கொண்டுபோகாதீர்கள். சூடாக்காத மாதிரி அரை லிட்டர், சூடாக்கியது அரை லிட்டர், ஊற்றிய உறையில் ஒரு தம்ளர் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, தண்ணீர் பிடித்த நாள், சர்க்கரை அளவு, ஈஸ்ட் போட்ட நாள், உறை ஊற்றிய நாள், அந்த வாரங்களின் பகல் வெப்பம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பாட்டிலோடு ரப்பர் பேண்டில் கட்டிக் கொண்டுபோங்கள்.